புளியமரத்திலிருந்து விழாத அப்பா

என் இரண்டாவது தங்கை பிறந்தபோது அம்மாவைப் பிழைக்கவைத்து வீட்டுக்கு அழைத்து வருவதற்குள் அப்பா பாதியாய் இளைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் ஊருக்கு ஸ்கூட்டியில் வரும் நர்சம்மா அடிக்கடி வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசுவார்.

"இன்னொரு பிரசவம் தாங்காதுங்க. அவங்களுக்கு ஆபரேசன் பண்ணவும் உடம்புல ரத்தமில்ல. நீங்க பண்ணிக்கிட்டா அன்னைக்கே வூட்டுக்கு வந்துரலாம்."

"ஐயோ, வேணாங்க நர்சம்மா. ஊரே சிரிக்கும்" என்று அம்மா பதறினாள்.

அடுத்த வாரம் அப்பா காலை பஸ்ஸில் பென்னாகரம் போனார். சாயங்காலம் கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். பஸ்ஸில் போனவர் எந்த மரத்தில் ஏறினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏரிக்கரைப் புளியமரத்தை ஒரு குச்சியால் ஆத்திரம் தீர அடித்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் கிளை முறிந்த சத்தத்தைக்கூடச் சொல்லிக் காட்டினேன்.

சேதி அரூரில் இருந்த அத்தையின் காதுக்கும் போயிற்று. அப்பாவின் ஒரே அக்கா. ஒரு பை நிறைய பன்னோடு வந்தவர் தனியாக வரவில்லை. எலும்புக்கட்டு வைத்தியர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். வைத்தியர் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து, "எங்கீங்க வலி? இடுப்பா, தொடையா?" என்று வேட்டியில் கை வைத்ததும், நகரவே முடியாமல் கிடந்த அப்பா துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

வேட்டி விலகித் தெரிந்த ஆஸ்பத்திரிக் கட்டைப் பார்த்ததும் வைத்தியருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தைக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அம்மா பக்கம் திரும்பினார்.

"மூணும் பொட்டப்புள்ள. பையன் ஒருத்தன் வேணாமா? எந்தம்பிய இப்படி ஆக்கி வெச்சிருக்கியே, நீ நல்லாருப்பியா?"

அம்மா கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அப்பா கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. அவ வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் போய்ப் பண்ணிக்கிட்டேன். அவ உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

யாரோ சிரித்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை சாப்பிடாமலே கிளம்பிப் போனார். திரும்ப வர ஒரு வருடம் ஆனது.

அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அத்தை திட்டியதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப்போய் நீட்டினேன்.

"அழாதம்மா. அத்த இனிமே வந்தா நான் சண்ட போடறேன்."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதபடியே சிரித்தாள். திட்டு வாங்கியவள் எதற்காக இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பன்னை நானே தின்றுவிட்டேன்.