கேட்காமல் மூடிய விண்டோ

உள்ளே முடியாத வேலை இருந்தால், விண்டோவை மூடும்முன் ‘சேவ் செய்யட்டுமா?’ என்று கேட்க வேண்டும். டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பாலபாடம். மூடுவது யாராக இருந்தாலும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் தெருவில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார் கோவிந்தன். சர்வீஸில் நான் துறை விசாரணைகள் நடத்தியவன் என்பது தெரிந்து, போன மாதம் கூப்பிட்டார். அவரிடம் வேலை பார்க்கும் மோகனா வரைந்த பார்டர் கம்ப்யூட்டரில் இல்லை. இது இரண்டாவது முறை. எதிர்க்கடைக்கு விற்றுவிட்டு இங்கே அழித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வேலையை விட்டு நிறுத்துவது என்பது தண்டனை.

ஆதாரம்? எதிர்க்கடைச் சேலையிலும் அன்னப்பட்சி இருக்கிறதாம். காஞ்சிபுரத்தில் எந்த பார்டரில் இல்லை?

ஆனாலும் நானும் சந்தேகப்பட்டேன். பழக்கதோஷம்... முதலில் விளக்கம் கேட்பதுதான் முறை. கேட்டேன்.

“அன்னிக்கு பெருமாள் புறப்பாடு சார். மேளச் சத்தம் முனைக்கு வந்துடுச்சி. விண்டோவ அப்படியே தெறந்து வெச்சிட்டு, கற்பூரத் தட்ட எடுத்துக்கினு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா காணோம்.”

“அப்போ பெருமாளே உள்ள வந்து அழிச்சிட்டுப் போனாராம்மா?” என்றார் கோவிந்தன்.

முதல் முறை காணாமல் போனது எப்போது? அதுவும் புறப்பாட்டு நாள்தான். எனக்கு மூக்கில் வியர்த்தது. கடையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர் யார் என்று கேட்டேன்.

“நான்தான். சிஸ்டத்த ஷட் டவுன் பண்ணிட்டு ஷட்டர எறக்கினேன். கரண்ட் சும்மா போவுதுல்ல?” என்றார் கோவிந்தன்.

புரோகிராமைத் திறந்து ஒரு கோடு வரைந்தேன். மூலையில் இருக்கும் எக்ஸை அழுத்தினேன் — மரியாதையாக, சேவ் செய்யட்டுமா என்று கேட்டது. மறுபடி ஒரு கோடு. இந்த முறை கம்ப்யூட்டரையே ஷட் டவுன் செய்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடு போயே போய்விட்டது.

குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டார் அல்லவா? ஆனால் அவரேதான் நீதிபதியும். புரோகிராம் எழுதிய கம்பெனி எழுத்தில் சொன்னால்தான் ஒத்துக்கொள்வாராம். அதுவரை மோகனா மெஷினைத் தொடக் கூடாதாம்.

மெயில் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். மோகனா தினமும் வந்து, கைகட்டி உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியில் பதில் வந்தது. விண்டோ எதனால் மூடப்படுகிறது என்று பார்த்து, ஆள் எக்ஸை அழுத்தினால் மட்டுமே கேட்கும்படி எழுதியிருக்கிறார்களாம். ஷட் டவுனைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணமாம். அடுத்த வெர்ஷனில் இரண்டுக்கும் கேட்குமாம்.

பதில் வந்த தேதி — மோகனா எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்த அதே வெள்ளிக்கிழமை.