சாம்பல் நிறத்தில் வந்த மன்றாட்டு

நான் எழுதிய கோட் எங்கே ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மரக்காணத்தில் என்னிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். உப்புக்காற்றில் அதன் சார்ஜர் துளைகூடத் துருப்பிடித்திருந்தது. பிரவுசரில் கம்பெனியின் கிளவுட் வொர்க்ஸ்பேஸைத் திறந்தால் போதும், எல்லாம் எங்கோ தொலைவில் ஓடும். அதோடு ஒரு ஏஐ எக்ஸ்டென்ஷனும் உண்டு. நான் ஒரு வரியைத் தொடங்கினால் மீதியை அது சாம்பல் நிறத்தில் காட்டும். டேப் விசையைத் தட்டினால் அது என் வரி.

ஐந்து மாதமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆறாவது மாத முடிவில் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று டீம் லீட் சொல்வார். அந்த நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. நான் அனுப்பியதில் பாதி எனக்கே புரியாது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்கள். மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று பாத்தியில் நிற்பவர்களிடமெல்லாம் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் கோவிலில் மாதா சுரூபத்தின் கீழே ஒரு மன்றாட்டுப் பெட்டி இருக்கிறது. சீட்டில் எழுதிப் போட்டால் நவநாள் செபத்தன்று பெயர் சொல்லாமல் மைக்கில் வாசிப்பார்கள். பெயர் எதற்கு? லேப்டாப் வேலை என்று காதில் விழுந்தாலே மொத்தக் கோவிலும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். என் போனையோ வீட்டில் ஆளாளுக்கு நோண்டுவார்கள். அதனால் வொர்க்ஸ்பேஸிலேயே ஒரு ஃபைல் திறந்து, தினமும் வேலை தொடங்கும் முன் மன்றாட்டை அதில் டைப் செய்து வந்தேன். அங்கே யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்ற அசட்டு தைரியம்.

கடைசி வாரம் டீம் லீட் கூப்பிட்டு ஸ்கிரீனைப் பகிரச் சொன்னார். நாங்கள் செய்துகொண்டிருந்த புகார்ப் படிவம் தமிழ் எழுத்துகளைச் சரியாக வாங்குகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுத வேண்டும், அதில் ஏதாவது ஒரு தமிழ் வாக்கியம் போடுங்கள் என்றார். மாம்பழம் பற்றி எதையாவது எழுதலாம் என்று "மா" என்று தொடங்கினேன். மீதி தானாக வந்து நின்றது.

"மாதாவே, நான் அனுப்புவது எதுவும் நான் எழுதியதில்லை என்று சாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்."

தினமும் அந்த ஃபைலில் நான் டைப் செய்ததை எக்ஸ்டென்ஷன் படித்து வைத்திருந்தது. அந்த வரியை அழிக்கும் விசை எது என்றே மறந்துபோனது. நெட் கட்டாகாதா என்று மனசு அடித்துக்கொண்டது. லேசாகத் தூறினாலே போய்விடும் நெட், அன்றைக்கென்று அசையாமல் நின்றது. சார் சென்னைக்காரர், தமிழ் நன்றாகவே படிப்பார்.

"அந்த எக்ஸ்டென்ஷனை ஆஃப் பண்ணிடுங்க," என்றார். "இந்த டெஸ்டை இப்போ நீங்களே எழுதுங்க. நான் வெயிட் பண்றேன்."

பன்னிரண்டு வரிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை ஓட்டி இரண்டு முறையும் தப்பு என்று சிவப்பு. அழுகை வந்ததும் மைக்கை அணைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை பச்சை வந்தது. முதலில் எங்கே தப்பு செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"இதுல தப்பு எங்கன்னு உங்களுக்குத் தெரியுது. இவ்ளோ நாள் அனுப்பினதுல அது தெரியல. மூணு மாசம் ப்ரொபேஷனை நீட்டுறேன். அந்த எக்ஸ்டென்ஷன் இல்லாம எழுதிக் காட்டுங்க."

வேலை போகவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. அந்த ஃபைலை அன்றே அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று பெட்டிக்கே போனேன். சீட்டை எடுத்து "மாதாவே" என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் காத்திருந்தவர் செருமினார். அப்போதுதான் உறைத்தது, மீதி வரி தானாக வரும் என்று நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.