ஆனியில் எடுத்த படம்

"ஏனுங்க, காப்புரிமைக்கு விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இந்த வால்வை வெளியாளுங்க யாருக்காச்சும் காட்டுனீங்களா? காட்டியிருந்தா உரிமை நிக்காதுங்க" என்று என் வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

குடிநீர்க் குழாயில் தண்ணீருக்கு முன்னால் சீறிக்கொண்டு வரும் காற்றை வெளியேற்றும் வால்வு அது. துடியலூரில் என் பட்டறையில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. பக்கத்து ஊர் நகராட்சி இரண்டை வாங்கி மாட்டிப் பார்த்தது. பிறகு அதையே வேறோர் ஆளிடம் செய்து வாங்கி ஊர் முழுக்கப் பொருத்திவிட்டது. வழக்குப் போட்டேன். அதுவரை கோபம்தான். பயம் வந்தது வக்கீல் கேட்ட அன்றைக்கு.

ஏனென்றால் காட்டியிருந்தேன். சும்மா இல்லை, பூஜை போட்டுக் காட்டினேன். முதல் வால்வு முடிந்தது ஆனிக் கடைசியில். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதே என்று அவசர அவசரமாகச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டேன். வால்வுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். அதே நகராட்சியின் தலைவரும் வந்திருந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதை மட்டும் ஆவணிக்குத் தள்ளிவைத்தேன். எனக்கு வாய்த்த புத்தி அப்படி.

அது போதாதென்று, அன்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டுத் தலைவர் அறையில் நானே ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தேன். தலைவரும் நானும், நடுவில் திறந்த வால்வு, கீழே ஸ்டுடியோக்காரர் அச்சடித்த தேதி.

"போய் அதைக் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் மனைவி.

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது அம்மணி?"

சமரசம் பேச அந்த அறைக்கு மூன்று முறை போனேன். படம் தலைவரின் தலைக்கு மேலேயே தொங்கியது. அந்தப் பக்கம் கண் போகாமல் பேசுவதற்குள் சட்டை நனைந்துவிடும். அவரும் அந்தப் படத்தைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சாட்சி சொல்லக் கூண்டில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு நான்காம் முறை போனேன்.

"வாங்க, உக்காருங்க. டீ சாப்பிடுங்க" என்றார்.

உட்கார்ந்து நிமிர்ந்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

டீயை வாங்கி ஒரே மடக்கில் வாயில் ஊற்றிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

"சூடா இருக்குதுங்க. மெதுவாக் குடிங்க" என்றார்.