லூர்து தீதியின் ஆட்டத்தில் நான் உயர்த்தாத கை

அந்த ஃபவுலைச் செய்தவள் நான். நூர்ஜஹான் அல்ல... நான்!

இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொண்டையில் நின்ற வரி. இன்று உங்கள் முன் துப்பிவிட்டேன். கூடைப்பந்தில் ஒரு ஃபவுல், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். லூர்து தீதியைப் பற்றிச் சிரிக்காமல் எப்படிப் பேசுவது!

தீதி தமிழச்சிதான். அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து போர்ட் பிளேரில் குடியேறியவர். ஆனால் வங்காளி, மலையாளி, தெலுங்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா; ஆகவே எங்களுக்கும். பகலெல்லாம் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாலையில் எங்கள் கோச்; புடவையை இடுப்பில் இழுத்துச் செருகி, வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு மைதானத்தில் இறங்கினால்... துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்ற வேண்டியதுதான்!

எங்கள் கூடை, பழைய பீப்பாயிலிருந்து கழற்றிய இரும்பு வளையம். பந்து ஒன்றே ஒன்று. தீவின் மழையில் அது ஊறிப் பலாப்பழமாய்க் கனக்கும். தீதி அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்துவார். மறுநாள் பந்தைப் பிடித்த கையெல்லாம் கருவாட்டு வாசம்!

மழைக்கு ஒதுங்க நினைத்தால் குரல் வரும்.

"அரே, நீ என்ன வெல்லமாடி கரையறதுக்கு? சலோ, ஓடு!"

மெயின்லேண்ட் கப்பலின் சங்கு ஊதினால் ஊரே கப்பல்துறைக்கு ஓடும். கடிதம், உருளைக்கிழங்கு, மாப்பிள்ளை... எல்லாம் அதில்தானே வரவேண்டும்! நாங்கள் மட்டும் அசையக்கூடாது.

"கப்பல் வந்தா நிக்கும். பந்து நிக்குமா? பந்தைப் பாரு!"

பயிற்சியில் அவர் விசில் ஊதியதே இல்லை. "விசில் எதுக்கு? தப்பு பண்ணது உனக்கே மாலூம்ல, தெரியும்ல? கையைத் தூக்கு. தூக்கிட்டு ஆடு. போதும்." அவ்வளவுதான் சட்டம். இடித்தவள் கை உயர்த்துவாள். தள்ளியவள் கை உயர்த்துவாள். பழகிப் பழகி, வீட்டில் குழம்புச் சட்டியை உடைத்தாலும் என் கை தானாக எழும்பும். அம்மா திட்ட வாயெடுத்து, சிரித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட கை... அன்று எங்கே போனது?

மதராஸில் ஒரு போட்டி. எங்கள் அணிக்குக் கப்பலில் பத்து இடம். ஒன்பது பேர் முடிவாகிவிட்டார்கள். தீதி என்னையும் நூரையும் அழைத்தார்.

"கப்பல்ல ஒரே ஒரு படுக்கைதான் பாக்கி. நாளைக்கு மாயாபந்தர் ஊர்ப் பொண்ணுங்களோட மேட்ச். உங்க ரெண்டு பேர்ல கடைசி வரைக்கும் கிரவுண்டுல நிக்கறவ கப்பல் ஏறுவா."

"ரெண்டு பேரும் நின்னா, தீதி?" என்று கேட்டேன்.

"சீட்டு குலுக்குவோம். டீக் ஹை?"

நூர், பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். என் உயிர்த்தோழி. நாங்கள் இருவரும் தீவில் பிறந்தவர்கள், ரயிலையே பார்க்காதவர்கள்! அன்று மாலை மண்ணில் குச்சியால் ரயில் வரைந்தோம்.

"கமலா, ரயிலுக்கு ஸ்டியரிங் உண்டாடி?"

"கப்பலுக்கு இருக்குல்ல? அப்ப இருக்கும்."

மறுநாள் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எனக்கு நான்கு ஃபவுல். அவளுக்கும் நான்கு. ஐந்தாவது விழுந்தால் வெளியே. மாயாபந்தர் கேப்டன் கூடையை நோக்கித் துள்ளினாள். முன்னால் நூர், பின்னால் நான். அந்தப் பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த துப்பட்டாவை இழுத்தேன். ஆம், இழுத்தேன்! அவள் நிலைகுலைந்து விழுந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். ஆனால் யாரையும் சுட்டவில்லை. எங்கள் பழக்கம் ஊரறிந்தது அல்லவா! சிரித்துக்கொண்டே சொன்னார்: "தீதி பொண்ணுங்கதானே... நீங்களே சொல்லுங்கம்மா."

காத்திருந்தார்.

எவ்வளவு நேரம்? மூன்று மூச்சு இருக்கும். என் கை என் தொடையோடு ஒட்டிக்கொண்டது. மழையில் ஊறிய பந்தைவிடக் கனத்தது. அது கையா, கல்லா?

நூர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் முழங்கை பட்டுருச்சோ..." என்று தனக்குள் முனகினாள். பிறகு... கையை உயர்த்திவிட்டாள்!

"ஷாபாஷ், நூர்!" ஓரத்திலிருந்து தீதி கைதட்டினார். மைதானமே தட்டியது. அவள் சிரித்தபடி வெளியேறினாள்.

நான் நின்றேன். நின்றதால் கப்பல் ஏறினேன்.

மதராஸில் படுதோல்வி. நாலு நாள் கப்பலில் ஆடிய கால்களுக்குத் தரை நிற்கவே இல்லை; பந்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். தீதி வயிறு குலுங்கச் சிரித்தார். "பரவால்லடி! இவளுங்க நம்ம கப்பல்ல வந்து ஆடட்டும், அப்பப் பாக்கலாம்!" தேற்றுவதற்காக எங்களை ரயில் காட்ட அழைத்துப்போனார். குற்ற உணர்வில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பொய்! வாயைப் பிளந்து பார்த்தேன்.

திரும்பியபோது கப்பல்துறையில் நூர் குதித்துக்கொண்டிருந்தாள். "ஸ்டியரிங் இருக்காடி?" இல்லை என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

பல ஆண்டுகள் கழித்து, உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு கராச்சர்மாவில் இருந்த தீதியின் வீட்டுக்குப் போனேன். நரைத்திருந்தார், குரல் நரைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை அழைத்து, "பாரு, கை தூக்குற டீம்ல ஆடின பொண்ணு!" என்று என்னைக் காட்டினார். பழைய பழக்கம்... மெல்லக் கையை உயர்த்தினேன்.

"என்னடி, பசியா? கேக்க வேண்டியதுதானே!" என்று அந்தக் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

நூர் இப்போது குட்வில் எஸ்டேட்டில் இருக்கிறாள். முப்பது வயது தாண்டித்தான் ரயிலைப் பார்த்தாளாம். போன வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீதியைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தோம். திடீரென்று அவள் முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"அந்த மாயாபந்தர் பொண்ணு பாவம்டி... எப்படி விழுந்தா! இன்னிக்கும் மனசு கேக்கல. ஏன்தான் இடிச்சேனோ!"

அவள் இறங்கும் இடம் வந்தது. கீழே நின்று எனக்குக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

பஸ் நகர்ந்தது. என் கை மடியிலேயே கிடந்தது.