சோடா மாமா

“சுவரில படம் கீற ஒரு பொம்புளப் புள்ளயா?” என்று சோடாக் கம்பனி முதலாளி இழுத்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சித்திரப் பரீட்சையிலும் சித்தியடைந்தவள். விடவில்லை. புளியந்தீவுச் சுவரில் மங்கிப்போயிருந்த கம்பனி விளம்பரப் படமான சோடா மாமாவைப் புதிதாகக் கீறும் வேலையை வாங்கிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் கையசைத்துப் போகும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மீசைக்கார மாமா அவர்.

கம்பனியில் போத்தல் கழுவும் பெண் வந்து பார்த்தாள். உருண்ட முகம், குழி விழும் கன்னம். சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

“அது நான்தான் புள்ள.”

“மாமாவா?”

“ஓம்கா. பெயின்ரர் என்னப் பார்த்துத்தான் கீறினவர். பொம்புள பல்லக் காட்டினா ஆர் சோடா வாங்குறதெண்டு முதலாளிதான் மீசை வெக்கச் சொன்னார்.”

“முந்தானைய எடுங்க அக்கா, பார்ப்பம்.”

எடுத்துச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை.

முதலாளி நாளைக்கு வருவார். முகத்தை இன்றே கீறி முடித்துவிட்டேன், மீசை இல்லாமல்.