விசரனுக்குப் பத்து நாள்

ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கொழும்பில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறிப் போன குடும்பம்தான் என்றாலும், எனக்கு இந்தியா வெளிநாடு. அம்மாவுக்கு மூட்டுவாதம். குற்றாலத்துக் காற்றும் தண்ணீரும் பட்டால் தேவலை என்று யாரோ சொல்ல, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம். திரும்பிப் போவதற்கான அனுமதிக் காகிதம் எங்கேயோ ஒரு மேசையில் மாட்டிக்கொண்டது. அடுத்த வருஷத்துச் சாரலும் வந்துவிட்டது, காகிதம் மட்டும் வரவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் தனியாக இருந்தார். கூட ஒரு நாய். கறுப்பு, நல்ல உயரம், அல்சேஷன் கலப்பு. பெயர் டைகர். மனிதர் அருவிக்கரைப் பாசியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். தினமும் அவரோடு நாலு மைல் நடந்து பழகிய நாய், தூணில் கட்டுண்டு நாள் முழுக்க ஊளையிட்டது. வலியோடு படுத்திருந்த அம்மாவுக்குக் கண் மூட முடியவில்லை. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் நேரே போய், "சங்கிலியைக் கொடுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன். இரக்கமாவது ஒன்றாவது, எரிச்சலில்தான் போனேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடைத்தெருவில் நாயை எங்கேயும் கட்டிவிட்டுப் போகக் கூடாது. சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நானும் நாயும். ஊருக்கு நல்ல வேடிக்கை. "நாய்க்குக் காலு இல்லையா தாயி? அவுத்து விட்டா அது பாட்டுக்குப் போயிட்டு வரும்லா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். எவ்வளவு கூலி என்று கேட்பார்கள். சும்மாதான் என்றால் நம்ப மாட்டார்கள். அப்பாவோ, "உன்னை எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிக்க வச்சது நாய் மேய்க்கவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் சொன்னாலும் கேட்கிற ஜென்மம் இல்லை நான். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னால் அதற்காகவே இன்னும் ஒரு மைல் கூட நடப்பேன்.

அந்த நாயும் லேசுப்பட்டதில்லை. வாய்க்காலில் மதகு வழியாகக் கொட்டுகிற தண்ணீரைக் கடித்துப் பிடிக்கப் பார்க்கும். தன் வாலைத் தானே துரத்திச் சுற்றி விழும். "அடே விசரா!" என்பேன் சிரித்துக்கொண்டு. எங்கள் கொழும்பு வீட்டில் அது ஒரு நாளைக்கு இருபது தடவை புழங்குகிற சொல். பைத்தியக்காரா என்று அர்த்தம். அம்மா அப்பாவைச் சொல்லுவாள், அப்பா என்னைச் சொல்லுவார். அதில் செல்லம்தான் முக்காலும். போகப்போக நாய் டைகரை மறந்து, விசரன் என்றால்தான் திரும்பிப் பார்த்தது. ஊரில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. டீக்கடைக்காரர் அதை ஏதோ துரைமார் வைக்கிற இங்கிலீஷ் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்த அன்று நல்ல சாரல். தபாலாபீசைத் தாண்டும்போது, கொழும்புக் கடிதம் வந்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே நாயோடு போக முடியாது. ஒரு நிமிஷம்தானே என்று வெளியே கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனேன். கடிதம் இல்லை. அந்த இல்லையைக் கேட்டு முடிப்பதற்குள் வெளியே அலறல்.

ஓடி வந்து பார்த்தால், ஒரு பெண் சேற்றில் உட்கார்ந்திருக்கிறாள். என் வயசுதான் இருக்கும். ஏழு மாத வயிறு. கோயிலுக்கு வந்துவிட்டு வீட்டாரோடு திரும்பிப் போகிறவள், வழுக்கி, படுத்திருந்த நாயின் முன்காலை மிதித்துவிட்டாள். அது கெண்டைக்காலில் கவ்விவிட்டது. ரெண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது. தப்பு முழுக்க என்னுடையது. கொடுத்த வாக்கை மீறிக் கட்டினவள் நான்.

கூட வந்த அவளுடைய கணவர் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கணவரின் அண்ணன் போகவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அவசரமாகச் சங்கிலியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "விசரா, இங்க வா!" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன்.

அந்த மனிதர் அப்படியே நின்றார். "என்ன சொன்னே? விசரா?" என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "நான் கண்டியில எட்டு வருசம் கடையில நின்னவன் கேட்டியளா! சிலோன்ல விசர் நாய்னா வெறி நாய்! வெறி நாய்னு தெரிஞ்சே இவ இத்தனை மாசமா ஊருக்குள்ள கூட்டிக்கிட்டு அலையுதா!"

குற்றாலத்தில் அந்தச் சொல் தெரிந்த ஒரே ஆள் அவராகவா இருக்க வேண்டும்! நான் செல்லத்துக்குச் சொன்னது என்று எவ்வளவோ சொன்னேன். யார் காதில் ஏறும்? "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையால்லா இருக்கு" என்றது ஒரு குரல். கல் ஒன்று வந்து என் தோளில் பட்டது. அது பட்டதும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது எனக்கு. நாயை இழுத்துக்கொண்டு தபாலாபீஸ் தாழ்வாரத்தில் ஏறி, நாயை எனக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"டாக்டர் என்ன சொல்லுகிறார் என்று தெரியட்டும். அதுவரை ஒருத்தர் கிட்ட வரக்கூடாது" என்றேன். காலை பத்து மணிக்கு ஏறி நின்றவள் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்றேன். அப்பா வந்து கெஞ்சினார். "நாமளே அடுத்த ஊர்ல வந்து ஒதுங்கியிருக்கோம், விட்டுக் கொடும்மா" என்றார். கொழும்பிலே எங்களைக் கள்ளத்தோணி, திருட்டுத்தனமாய்க் கடல் தாண்டி வந்தவர்கள் என்றார்கள். இங்கே ஒண்ட வந்த பிடாரி என்கிறார்கள். அங்கேயும் விட்டுக்கொடு, இங்கேயும் விட்டுக்கொடு என்றால் மனுஷி எங்கேதான் நிற்பது? அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கணவர் திரும்பி வந்தார். சாதுவான ஆள். "நாயை அடிச்சிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார் மெதுவாக. "பத்து நாளு கண்ணு முன்னால வச்சுப் பாக்கணுமாம். நாய் நல்லா இருந்தா ஒண்ணும் வேண்டாம். செத்தாலோ, காணாமப் போனாலோ வயித்துல பதினாலு ஊசி."

பதினாலு ஊசி, அதுவும் ஏழு மாத வயிற்றில். (அந்தக் காலத்து வழக்கம் அது. இப்போது யாரும் நாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், கடித்த அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.) கடப்பாரையோடு நின்ற அண்ணனிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இதை அடித்தீர்களானால் உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்குத்தான் பதினாலு ஊசி. தினமும் காலையில் நானே இதை உங்கள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் கண் முன்னால் தண்ணீர் குடித்துக் காட்டும். வெறி நாய் தண்ணீர் குடிக்காது, தெரியுமில்லையா?"

"ஒரு நாளு வரலைன்னாலும் உன்னயச் சும்மா விட மாட்டேன்" என்றார் அவர்.

அவர்கள் வீடு இலஞ்சியில். குற்றாலத்திலிருந்து வாய்க்காலோரமாகத் தோப்பு வழியே நடக்க வேண்டும். முதல் நாள் போகும்போது வழியெல்லாம் கதவுகள் சாத்திக்கொண்டன. வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நாய் சளப் சளப் என்று குடித்தது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நாயையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. என்னிடம் நாய் மேல் நம்பிக்கை இருந்தது. அவளிடம் என்ன இருந்தது?

விசரன் என்று கூப்பிடுவதையும் அன்றோடு நிறுத்தினேன். டைகர், டைகர் என்றேன். அது யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நாலாம் நாள்தான் வினை வந்தது. நாய் சட்டியை மோந்து பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. தள்ளிக்கொடுத்தேன். பின்னால் நகர்ந்தது. "பாத்தியளா! தண்ணியக் கண்டு மிரளுதுலே!" என்று அண்ணன் குதித்தார். தெருவே கூடிவிட்டது. மறுபடி கடப்பாரை. அவளை ஊசிக்குக் கொண்டு போகக் கணவர் வண்டி கட்ட ஓடினார். நிஜமாகவே வெறிதானோ என்று ஒரு நொடி நானே நினைத்தேன். அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அப்போதுதான் நாயின் காலைப் பார்த்தேன். நாலு காலும் ஈரம். வயிற்றடியிலும் சொட்டிக்கொண்டிருந்தது. அட மூதேவி, வருகிற வழியில் மதகடியில் பத்து நிமிஷம் விளையாட விட்டேனே! வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருக்கிறது. வழியெல்லாம் தண்ணீர் ஓடுகிற ஊரில், தண்ணீர் குடித்துக் காட்டப் புறப்பட்ட நாயை, வழியிலேயே குடிக்க விட்டுக் கூட்டி வந்த புத்திசாலி நான். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். நொண்டிக்கொண்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு செம்போடு.

"ஏட்டி சிலோன்காரி, தாகம் இல்லாம வெறுந் தண்ணிய எவன் குடிப்பான்?" என்றாள். அதுதான் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. சட்டித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, செம்பிலிருந்த பழைய சோற்றுத் தண்ணீரை ஊற்றினாள். அதில் ஒரு துண்டு சுட்ட கருவாட்டையும் போட்டாள். நாய் மூக்கைச் சுருக்கியது. ஒரு எட்டு வைத்தது. அப்புறம் சட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. சட்டியையே உருட்டிக்கொண்டு தெருவில் போயிற்று.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். "அத்தான், கடப்பாரைய உள்ள வையுங்க" என்றாள் அவள். "கடிபட்டவ நான். நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணன் முறைத்தார். முறைத்துவிட்டு உள்ளே வைத்தார்.

அதற்கப்புறம் தினமும் கருவாட்டுத் தண்ணீர்தான். நாய் இலஞ்சி எல்லை வந்தாலே என்னை இழுத்துக்கொண்டு ஓடும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். தனக்கும் பயம்தான் என்று ஒரு நாள் சொன்னாள். ஒவ்வொரு நாளும் நாய் வருகிற வரைக்கும் பிள்ளை அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளாம். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். "அழாதட்டி, நாய் பயந்துரப் போவுது" என்றாள்.

பத்தாம் நாள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவரின் அண்ணன் வர, நானும் நாயும் பின்னால் நடந்தோம். டாக்டர் நாயின் வாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், சிரித்தார். "ஊசி வேண்டாம்மா, போ" என்றார். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்தால் ரதவீதியில் சந்தைக் கூட்டம். செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. சிலோன்காரியின் வெறி நாயைப் பார்க்க ரெண்டு பக்கமும் ஆட்கள். அண்ணன் வண்டிப் பக்கத்தில் நின்று, சீக்கிரம் ஏறு என்று அவளை அவசரப்படுத்தினார். அவள் ஏறவில்லை. என் கையிலிருந்து சங்கிலியை வாங்கிக்கொண்டாள். ஏழு மாத வயிறும் கட்டுப் போட்ட காலுமாகத் தெருவின் நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே அதட்டல் போட்டாள்.

"ஏலே விசரா! வாலே போவோம்!"

பத்து நாளாகத் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்த நாய், வால் ஒடிந்துவிடும் போல ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தது. நான் அதன் பின்னால். கூட்டம் விலகி வழிவிட்டது. கோயில் வாசல் வரைக்கும் அவள் சங்கிலியை யாரிடமும் கொடுக்கவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அந்த வருஷக் கடைசியில் எங்கள் காகிதமும் வந்து, கப்பலேறினோம். கார்டு அதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் நாய் அவரையும் இலஞ்சிப் பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது என்று கடிதம் எழுதினார்.

இத்தனை வயசுக்குப் பிறகும், நாலு பேர் கூடி யாரையாவது கைகாட்டிப் பைத்தியம், கெட்டவன், வந்தேறி என்று சொன்னால், என் கை தன்னால் மடங்கி இல்லாத ஒரு சங்கிலியைச் சுற்றிக்கொள்கிறது. பத்து நாள் ஆகட்டும், அதுவரை கிட்ட வராதே என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.