அநேகமா மாட்டேன்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கல்லுமுகம்' என்று பெயர். மெச்சி வைத்த பெயரில்லை. மொட்டைத்தலைக்காரனைச் சுருட்டைமுடி என்று கூப்பிடுவது போலக் கேலிக்கு வைத்தது.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காலி அறையில் உட்காரவைத்து, சிகரெட் விளம்பரங்களைப் பற்றிக் கேட்டு, படிவத்தில் கட்டம் கட்டமாக டிக் அடிப்பதுதான் அவள் வேலை. எந்தெந்த விளம்பரம் பார்த்திருக்கிறாய், எது பிடிக்கும், சிகரெட் கம்பெனி பெயர் போட்ட தொப்பியோ பையோ வீட்டில் உண்டா. பிள்ளை என்ன சொன்னாலும் கேட்பவள் முகம் மாறக்கூடாது. 'ஐயையோ' கூடாது, 'சமத்து' கூடாது. 'அப்புறம்?' என்று ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அனுமதி. புருவம் ஒரு நூல் ஏறினாலும் போச்சு, பிள்ளை உஷாராகி வாத்தியாருக்குச் சொல்கிற பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இவள் முகமோ அடுப்பில் வைத்த பால். எப்போது பொங்கும் என்று அவளுக்கே தெரியாது. ஏழு வருஷமாக நாக்கைக் கடித்துக் கடித்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

படிவத்தில் அவளை அதிகம் படுத்துவது பதினோராவது கேள்வி. 'உன் சிநேகிதர் ஒருவர் சிகரெட்டை நீட்டினால் பிடிப்பாயா?' அதற்கு நாலு பதில். மாட்டவே மாட்டேன், அநேகமாக மாட்டேன், அநேகமாகப் பிடிப்பேன், கண்டிப்பாகப் பிடிப்பேன். முதல் பதில் சொன்ன படிவங்கள் ஒரு கட்டு. மீதி மூன்றும் சேர்ந்து இன்னொரு கட்டு. ஆமாம், 'அநேகமாக மாட்டேன்' என்பதும் அந்தக் கட்டில்தான். கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை என்று அதற்கு அர்த்தம். தனக்குப் பிடித்த விளம்பரம் என்று ஒன்றைப் பளிச்சென்று சொல்கிற பிள்ளைகள் இந்த இரண்டாவது கட்டில்தான் நிறைய வந்து விழுவார்கள். கட்டுக் கட்டாகத் தூக்கிச் சுமந்தவளுக்கு இது தெரியாதா?

இந்த வருஷம் படிவம் மாறியது. வாசித்துப் பழக ஆள் வேண்டும். ஒரு சாயங்காலம் சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். மகளுக்கு வயது பதினாலு.

"இங்க வாடி, அஞ்சு நிமிஷம். வாய் பழகணும்."

"எனக்கு என்ன தருவ?"

"சோறு. தினமும் அதானே தர்றேன்."

மகள் வந்து உட்கார்ந்து, அம்மாவின் அலுவலகக் குரலிலேயே மூக்கால் இழுத்தாள். "வணக்கம். இது பரீட்சை இல்லை. இதில் சரியும் கிடையாது, தப்பும் கிடையாது."

"வாயை மூடு. உனக்குப் பிடிச்ச சிகரெட் விளம்பரம் எது?"

"பஸ் ஸ்டாப்ல இருக்கே, மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு மழையில நிக்கிற பொண்ணு. அது."

கேட்ட வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது பதில். "ஏன் பிடிக்கும்?"

"அவளைப் பாத்து யாரும் எங்க போற, எப்ப வருவேன்னு கேக்க மாட்டாங்க. கேட்டாலும் அவ சொல்ல மாட்டா. அப்படி நிக்கிறா."

"அ... அப்புறம்? கம்பெனி பேரு போட்ட சாமான் ஏதாவது வீட்டுல இருக்கா?"

"நீ படிவம் தூக்கிட்டுப் போற பை."

கல்லுமுகம் பையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில், பித்தளைப் பொத்தானுக்குக் கீழே, பொடி எழுத்தில் பெயர் இருந்தது. ஒரு வருஷமாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதினோராவது கேள்வியை வாசித்தாள்.

மகள் கூரையைப் பார்த்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "அநேகமா மாட்டேன்."

பால் பொங்கிவிட்டது.

"அநேகமாவா? என்னடி அநேகமா? அது என்ன அநேகமா?"

"சரி தப்பு கிடையாதுன்னியே!"

"ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கிடையாது. உனக்கு உண்டு!"

அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டுக்காரர் உள்ளே வரவேண்டும்? அவர் எலக்ட்ரீஷியன். பஸ் நிறுத்தங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிகிற விளம்பரங்களுக்கு விளக்கு மாற்றுவது அவர் வேலை. பை அவர் கொண்டுவந்த இலவசம்.

"இன்னைக்கு நாலு டியூப் மாத்தினேன். நம்ம ஸ்டாப்பு இப்பப் பளபளன்னு இருக்கு."

"மஞ்சக் கோட்டுக்காரியா?"

"அவளேதான். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அந்தப் படம் பிள்ளைங்களை என்ன பாடு படுத்துதுன்னு நான் ஊரெல்லாம் அலைஞ்சு கேட்டுட்டு வர்றேன். நீங்க அவளுக்கு விளக்குப் பிடிக்கிறீங்க!"

அவர் நிதானமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "பக்கத்துப் பெட்டியில பற்பசை விளம்பரம். அதுக்கும் நான்தான் விளக்குப் பிடிக்கிறேன். அதப் பாத்துட்டு உன் பொண்ணு ராத்திரி பல்லு தேய்க்கிறாளா?"

கோபம் இரண்டு மடங்காயிற்று. மூன்று நாள் வீட்டில் அதே பாட்டு. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, மகள் குளியலறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று: "மாட்டவே மாட்டேன்னு சொல்லு. வாயைத் திறந்து சொல்லு."

நாலாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாட்டவே மாட்டேன்! மாட்டவே மாட்டேன்! போதுமா? குளிக்கலாமா?"

ஜெயித்துவிட்டாள். ஜெயித்த மறுநிமிஷமே நெஞ்சில் ஏதோ உறுத்தியது. படிவத்தின் தலையில் ஒரு கட்டம் உண்டு: 'பெற்றோர் உடனிருந்தார்.' அதில் டிக் விழுந்தால் அந்தப் படிவம் செல்லாது, நேரே குப்பைக்கு. இப்படி மிரட்டி வாங்கிய பதிலை வேறு எவளாவது கொண்டுவந்திருந்தால் இவளே கிழித்துப் போட்டிருப்பாள்.

வேறு வழியில்லாமல் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரியைக் கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புதுப் படிவத்தோடு வந்து, கல்லுமுகத்தை வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிஷம். உள்ளே இரண்டு தடவை சிரிப்புச் சத்தம். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

கதவு திறந்தது. பக்கத்து நாற்காலிக்காரி படிவத்தை நாலாக மடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னடி சொன்னா?"

"யாரு?"

"என் பொண்ணுடி!"

"இதுல பேரு இல்லையே. எண்தான் இருக்கு."

"அந்த எண்ணைப் பெத்தவ நான்!"

"பெத்தவங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானேக்கா?"

"உன் கால்ல வேணா விழறேன்."

"விழுங்க. படிக்கட்டு, பாத்து விழுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கிப் போயே போய்விட்டாள்.

கல்லுமுகம் உள்ளே வந்து மேசையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கேட்கக்கூடாது. கேட்டால் பொய் வரும். கேட்காவிட்டால் தலை வெடிக்கும்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால் இழுத்தாள். "வணக்கம். இது பரீட்சை இல்லை. உங்கள் சிநேகிதி ஒருவர் சிகரெட்டை நீட்டினால் பிடிப்பீர்களா?"

"மாட்டவே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மகளின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அசல் கல். "பிடிச்சிருக்கேன். பதினேழு வயசுல, ஹாஸ்டல் மொட்டை மாடியில."

"அப்புறம்?"

"ரெண்டு இழுப்புக்கு இருமி இருமிக் கண்ணுல தண்ணி. மூணாவது இழுப்புக்கு இருமல் வரல. அப்பதான் பயந்துட்டேன். தூக்கிப் போட்டுட்டேன்."

மகள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். மூக்குக் குரல் போய்விட்டது. "வியாழக்கிழமை என்கிட்ட ஒருத்தி நீட்டினா."

கல்லுமுகம் மேசைக்கு அடியில் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். "அப்புறம்?"

"கையில வாங்கிப் பாத்தேன். பத்த வைக்கல. திருப்பிக் குடுத்துட்டேன்."

"அடுத்த தடவ நீட்டினா?"

"தெரியலம்மா. வேணாம்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்தக் கோட்டுக்காரி மாதிரி ஒரு தடவ நின்னு பாக்கணும்னு இருக்கு. பொய் சொல்லவா?"

"யாருடி அவ? எந்த கிளாஸு? அவ அம்மா நம்பரைக் குடு!"

"பாத்தியா! இதுக்குத்தான் உன்கிட்ட சொல்றதில்ல!"

"சரி. சரி. கத்தல."

"கத்துற."

"கத்துறேன்தான். என் மூஞ்சி அப்படி, என்ன பண்ணச் சொல்ற? ஆனா ஒண்ணு. அடுத்த தடவ எவ நீட்டினாலும், நீ வாங்கினாலும் வாங்காட்டியும், வந்து என்கிட்ட சொல்லணும். நான் கத்துவேன். கத்தி முடிச்சிட்டு உக்காந்து கேப்பேன்."

மகள் யோசித்தாள். "எவ்வளவு நேரம் கத்துவ?"

"பத்து நிமிஷம்."

"அஞ்சு."

"பெத்தவடி நான்."

"சரி, ஏழு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

"ஏழு," என்று ஒத்துக்கொண்டாள் கல்லுமுகம். ஒத்துக்கொண்ட கையோடு எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகி, அந்த ஏழில் முதல் நிமிஷத்தை அங்கேயே தொடங்கினாள். "கையில வாங்கிப் பாத்தேன்னியே, எதுக்குடி கையில வாங்கின?"